கைமாறும் விதை கைகொடுக்க வேண்டும்

சென்னையின் மேற்கே, பாடிக்கும் அம்பத்தூருக்கும் அருகில் உள்ளது மண்ணூர்பேட்டை. சுற்றியுள்ள கொரட்டூர் ஏரியும் அம்பத்தூர் ஏரியும் ஒரு காலத்தில் பாசன ஏரிகள். 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. வயல் இருந்த இடமெல்லாம் வீடாகிவிட்டாலும் விவசாய ஆசை போய்விடவில்லை. அது மாடி ஏறிக்கொண்டது. 2013-14-இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளை வழங்கியபின் இந்த ஆர்வம் மேலும் பரவியது.

தோட்டக்காரர்கள் கூடிப் பேசுவது சென்னைக்குப் புதிதல்ல. இங்குள்ள வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-இல் தொடங்கப்பட்டது. இன்றைய மாடித்தோட்டக் குழுக்கள் அளவில் சிறியவை. மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டு மாடியில் கூடுவார்கள். மண் கலவை, மாவுப்பூச்சி, மட்கு உரம் எனப் பேச்சு நடக்கும். முடிவில் எல்லோரும் காத்திருப்பது விதைப் பரிமாற்றத்துக்குத்தான்.

சிக்கலும் அங்கேதான். ஆடிப்பட்டத்தில் வாங்கிய நீளப் புடலை விதை, தைப்பட்டத்தில் குட்டையாகக் காய்க்கிறது. மாடியில் அது ஒரு பையோடு போகும். அதே விதையைத் திருவள்ளூர் பக்கத்து விவசாயி அரை ஏக்கரில் போட்டால், ஒரு பட்டமே போய்விடும்.

வீரியமா, ரகமா?

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 தக்காளி ஒரு ரகம். அதில் எடுக்கும் விதை தாயைப் போலவே காய்க்கும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் வீரிய ஒட்டு. அதன் பழத்தில் எடுத்த விதை முளைக்கும். ஆனால் செடிக்குச் செடி குணம் மாறும். எனவே வீரிய ஒட்டில் எடுத்த விதையைப் பரிமாற்றத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

எவ்வளவு தூரம்?

சான்று விதை எடுக்க, அதே பயிரின் வேறு ரகத்திலிருந்து தக்காளிக்கு 25 மீட்டர், கத்தரிக்கு 100 மீட்டர், மிளகாய், வெண்டைக்கு 200 மீட்டர், கொடிக்காய்களுக்கு 500 மீட்டர் இடைவெளி வேண்டும். மண்ணூர்பேட்டையில் 500 மீட்டருக்குள் எத்தனை தெரு, எத்தனை மாடி! தேனீக்கு எதிர்வீட்டுச் சுவர் ஒரு தடையில்லை. கிராமத்தில் வரப்பை ஒட்டிய அடுத்த வயலும் அப்படித்தான்.

இடைவெளி இல்லாவிட்டால் பூவைக் காக்க வேண்டும். தக்காளி, கொத்தவரை, தட்டைப்பயறு ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் அதிகக் கவலை இல்லை. கத்தரி, மிளகாயில் மொட்டு விட்ட ஒரு கிளையை மெல்லிய துணிப்பையால் மூடி, பூத்ததும் தினமும் லேசாகத் தட்டிவிட்டால் போதும். வெண்டையில், மறுநாள் மலரப்போகும் மொட்டின் நுனியை முந்தின மாலை நூலால் கட்டலாம்.

கொடிக்காய்களில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூசணி, பாகல் காலையில் மலரும்; சுரை, பீர்க்கு, புடலை மாலையில் மலரும். மலர்வதற்கு முன்பே இரு மொட்டுகளையும் காகிதப் பையால் மூட வேண்டும். மலர்ந்ததும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் சூல்முடியில் தடவி, மீண்டும் இரண்டு மூன்று நாள் மூடிவைக்க வேண்டும். அந்தக் காயில் அடையாளமாக ஒரு நூலைக் கட்டி முற்ற விடலாம்.

தேமல் கண்ட செடியில் விதை எடுக்கவே கூடாது.

பொட்டலத்தில் என்ன எழுதுவது?

பயிர், ரகத்தின் பெயர், விதை எடுத்த மாதம், பூவை மூடி எடுத்ததா இல்லையா — இந்த நான்கும் சீட்டில் இருக்க வேண்டும். தெரியாததைத் ‘தெரியாது’ என்றே எழுதலாம். வாங்குபவர் அதற்கேற்ப இரண்டு செடி மட்டும் வைத்துப் பார்ப்பார்.

கொடுப்பதற்கு முன் 20 விதைகளை ஈரத்துணியில் சுருட்டி முளைப்பு பார்க்க வேண்டும். தக்காளி, கத்தரியில் 14 விதையாவது முளைக்க வேண்டும், மிளகாய், கொடிக்காய்களில் 12, வெண்டையில் 13. பயறு விதைகளில் கிலோவுக்கு 10 கிராம் வசம்புத் தூள் கலந்து வைத்தால் வண்டு அண்டாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. பாதுகாப்புப் பெற்ற ரகத்தை வணிகப் பெயரிட்ட விதையாக விற்க மட்டும் அனுமதி இல்லை. ஆகவே கிராமத்திலும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து விதைக் குழு தொடங்கலாம். ஆளுக்கொரு ரகத்தைப் பொறுப்பேற்று, அந்தப் பட்டத்தில் அந்தப் பயிரில் வேறு ரகம் வைக்காமல் காத்தால், அடுத்த பட்டத்தில் பத்து வீட்டிலும் பத்து நல்ல ரகம் இருக்கும். கடையில் விதைக்குக் கொடுக்கும் காசும் மிச்சம்.