கரி அடைத்த லொறி: வடிகட்டியை வெட்டுமுன்

இடம்பெயர்ந்து வந்த நாலு குடும்பம் சேர்ந்து, பாவித்த ஜப்பான் லொறி ஒன்றை வாங்கி, தம்புள்ளையிலிருந்து பேலியகொடைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றினால், அந்த லொறிதான் அவர்களுக்கு இப்போது வயல். அது ஒருநாள் இழுவை குறைந்து, முன்பலகையில் மஞ்சள் விளக்கு மினுங்கத் தொடங்கும். கராஜில் சொல்வார்கள்: "சைலன்சருக்குள் இருக்கிற பில்ரரை வெட்டி எறிந்துவிட்டு, கொம்பியூட்டரை ட்யூன் பண்ணினால் பறக்கும்." அதற்குச் சம்மதிக்குமுன் சில விடயங்களை நாம் அறிந்திருப்பது நல்லது.

அந்த வடிகட்டி தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் உருளை. புகை அதன் சுவர்களினூடாகக் கசிந்து போகும். கரி உள்ளே தங்கிவிடும். தங்கிய கரி சுமார் 600 பாகை வெப்பத்தில் எரிந்து போகவேண்டும். நீண்ட வீதியில் ஒரே வேகத்தில் ஓடும்போது இது தானாக நடக்கும். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் வெள்ளவத்தைக் காலி வீதி நெரிசலிலும் நின்று நின்று ஓடினால் அந்தச் சூடு வராது.

ட்யூன் பண்ணிய லொறியில் நிலைமை இன்னும் மோசம். கூடிய இழுவைக்காக டீசலைக் கூட்டிவிடுவார்கள். அதற்கேற்ற காற்று கிடையாததால் கரி பெருகும். ஆகவே அடைத்தது வடிகட்டி என்றாலும் குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில். சொட்டும் இன்ஜெக்டர், காற்றுக் கசியும் டேர்போ குழாய், மாற்றி எழுதிய கொம்பியூட்டர் ஆகியவற்றை முதலில் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் கழுவிய வடிகட்டியும் விரைவில் மீண்டும் அடைக்கும்.

எரிபொருளும் ஒரு காரணம். டோக்கியோ நகரம் 2003 ஒக்டோபரில் புகை கக்கும் டீசல் வண்டிகளைத் தடுத்தது. அங்குள்ள டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்குதான். எமது லொறிகள் அந்த டீசலுக்கென்றே செய்யப்பட்டவை. இங்கே 2018 இல் வந்த யூரோ 4 தரத்துச் சூப்பர் டீசல் விலை கூடியது என்றாலும் இவற்றுக்கு உகந்தது. மண்ணெண்ணெய் கலக்கவே வேண்டாம். தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிச் சமாளித்தோம், உண்மை. அவை பெற்றோல் எஞ்சின்கள். டீசல் பம்பு டீசலின் வழவழப்பில்தான் வாழ்கிறது.

விளக்கு மினுங்கினால் உடனே நிறுத்தாமல், திறந்த வீதியில் அரை மணி நேரமளவு சீராக ஓட்டுங்கள். பொத்தான் உள்ள லொறியை நிறுத்தி வைத்து, பொத்தானை அழுத்தியும் கரியை எரிக்கலாம். ஏறக்குறைய 20 நிமிடம் எடுக்கும். அப்போது புகைக்குழாய் நெருப்பாகச் சுடும். வைக்கோல், காய்ந்த புல், சாக்கு உள்ள இடத்தில் ஒருபோதும் செய்யாதீர்கள். பிள்ளைகளையும் விலக்கி வையுங்கள். பின்னர் ஒயில் கம்பியைப் பாருங்கள். ஒயில் மட்டம் கூடியிருந்தால் டீசல் கலந்துவிட்டது, ஒயிலை மாற்றவேண்டும். போத்தலில் 'ஜாசோ டீஎச்-2' என்று எழுதியிருப்பதையே கேட்டு வாங்குங்கள். பொருத்தமில்லாத ஒயில்கள் கூடுதலாகச் சாம்பல் விடும். சாம்பல் எரியாது.

அவ்வாறு சாம்பல் நிறைந்தால் வடிகட்டியைக் கழற்றி, சூளையில் சூடாக்கிக் காற்றால் ஊதித் துப்புரவு செய்யவேண்டும். வாசலில் வைத்து வேகமான தண்ணீர் பாய்ச்சினால் பீங்கான் வெடிக்கலாம். கரியும் கானுக்குள் போகும்.

வெட்டி எறிந்தால் என்ன? 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனையில் சிலவேளை தப்பலாம், ஏனெனில் மிக நுண்ணிய துகள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் உறுதிப்படுத்தியது. லொறி காலையில் சூடேறி நிற்பது நமது பிள்ளைகள் படுத்திருக்கும் யன்னலுக்குக் கீழேதான்.

பாவித்த லொறி வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் ஆறியிருக்கும்போது புகைக்குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வடிகட்டி நல்லதென்றால் விரலில் கரி அனேகமாக ஒட்டாது. மைபோலக் கறுத்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது முன்னைய சொந்தக்காரர் அதை வெட்டியிருக்கிறார். விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.