‘அந்த’ப் பாடத்தை யாரு நடத்துவா?

பத்தாவது சயின்ஸ் புக்லயோ, ப்ளஸ் டூ பயாலஜி புக்லயோ இனப்பெருக்கம்னு ஒரு பாடம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா மக்களே? அன்னிக்கு உங்க கிளாஸ்ல என்ன நடந்தது?

“இது ஈஸிதான்... வீட்டுல படிச்சுக்குங்க”ன்னு சொல்லிட்டு மிஸ் அடுத்த பாடத்துக்குத் தாவியிருப்பாங்க. கடைசி பெஞ்ச்ல ஒரு நமுட்டுச் சிரிப்பு. முதல் பெஞ்ச் பொண்ணுங்க தலையைக் குனிஞ்சு புக்கையே பார்த்துட்டிருந்திருப்பாங்க. அவ்வளவுதான், மேட்டர் ஓவர்!

ஆனா, பாடம் அங்கே முடியலை பாஸ். மிஸ் விட்ட இடத்துல இருந்து வேற சிலர் நடத்த ஆரம்பிச்சுட்டாங்க. டிவி, சினிமா, செல்போன்னு மூணு டீச்சர்ஸ். அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டாங்க, டெஸ்ட் வைக்க மாட்டாங்க. ஆனா, ஃபீஸை மட்டும் வேற ரூட்டுல கறந்துடுவாங்க!

டீச்சர் நம்பர் 1: நடுராத்திரி டாக்டர்

ஹாஸ்டல்ல என் ரூம்மேட் ஒருத்தன். நல்லா படிப்பான், கபடி ஆடுவான். செகண்ட் இயர்ல திடீர்னு ஆளே மாறிட்டான். மெஸ்ஸுக்கு வர்றதில்ல, கிரவுண்டுக்கும் வர்றதில்ல. கேட்டா, “ஒண்ணுமில்லடா”. எக்ஸாம் ஃபீஸ் கட்டுற கடைசி நாள்ல எங்கிட்ட கடன் கேட்டப்பதான் விஷயம் வெளியே வந்தது. ராத்திரி டிவியில ஒரு ‘டாக்டர்’, இளமையில் செய்த தவறுகளால நரம்புத் தளர்ச்சி வரும், கல்யாண வாழ்க்கையே நாசமாயிடும்னு தினமும் பயமுறுத்திட்டிருந்திருக்கார். அவர் நம்ம ஊரு லாட்ஜுக்கு கேம்ப் வந்தப்போ, வீட்டுல கொடுத்த எக்ஸாம் ஃபீஸை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துட்டு லேகியம் வாங்கிட்டு வந்திருக்கான்.

அவனை இழுத்துக்கிட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் சிரிக்கலை, திட்டலை. “இது எல்லாருக்கும் நடக்கறதுதான் தம்பி. உனக்கு ஒரு வியாதியும் இல்ல”ன்னு அஞ்சே நிமிஷம் பேசினார். வெளியே வந்ததும் அவன் அழுதுட்டான். நாலு வருஷமா மனசுக்குள்ள வச்சிருந்த பயம் அது.

நீங்களும் கேட்டுக்குங்க. தூக்கத்துல விந்து வெளியேறுறது வியாதி இல்ல. சுய இன்பத்தால நரம்பும் தளராது, ஆண்மையும் போகாது. ‘இத்தனை சொட்டு ரத்தம் சேர்ந்தாதான் ஒரு சொட்டு விந்து’ங்கிறது சுத்தமான கட்டுக்கதை. உடம்பு அதைத் தொடர்ந்து உற்பத்தி பண்ணிக்கிட்டேதான் இருக்கும். ‘சத்து போயிடுச்சு’ங்கிற பயத்துலயே இளைச்சுப் போறவங்க நம்ம நாட்டுல ஏராளம்ங்கிறதால, 1960-லேயே டாக்டர் என்.என்.விக் என்ற இந்திய மனநல மருத்துவர் அந்த நிலைக்கு ‘தாத் சிண்ட்ரோம்’னு பேரே வெச்சுட்டார். பாலியல் திறனைக் கூட்டுறதா சொல்லி மருந்து விளம்பரம் செய்யறதைத் தடை செஞ்சு 1954-லயே மத்திய அரசு சட்டமும் கொண்டுவந்தாச்சு. ஆனா, வியாபாரம் நிக்கலை. டிவியில இருந்தவங்க இப்போ ரீல்ஸுக்கு வந்துட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்!

டீச்சர் நம்பர் 2: நம்ம ஹீரோ

பஸ் ஸ்டாப்ல காத்திருப்பார். பின்னாடியே வருவார். அவ முறைச்சா பாட்டு, அறைஞ்சா டூயட். இடைவேளைக்கு அப்புறம் ஹீரோயின் எப்படியும் ‘ஓகே’ சொல்லிடுவாங்க. எத்தனை படத்துல பார்த்திருக்கோம்! ‘வேண்டாம்னு சொன்னா, இன்னும் கொஞ்சம் ட்ரை பண்ணு’ங்கிறதுதான் அந்தப் பாடத்தோட சாராம்சம்.

நிஜத்துல, ஒரு பொண்ணு விருப்பமில்லைன்னு தெளிவா சொன்ன பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்றது 2013-ல் இருந்து கிரிமினல் குற்றம். முதல் தடவையே மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் கிடைக்கலாம். சட்டத்தை விடுங்க. பின்னாடி வர்ற காலடிச் சத்தம் அவளுக்குக் காதலா கேட்காது, பயமாத்தான் கேட்கும். உங்க அக்கா, தங்கச்சியைக் கேட்டுப் பாருங்க... எந்தத் தெரு வழியா வரக்கூடாதுன்னு ஒரு லிஸ்ட்டே வெச்சிருப்பாங்க.

இன்னொண்ணு, யூனிஃபார்ம் காதல். சினிமாவுக்கு அது அழகு. ஆனா, 2012-ல வந்த போக்சோ சட்டத்துல 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க எல்லாருமே குழந்தைகள். பையனா இருந்தாலும் சரி, பொண்ணா இருந்தாலும் சரி. நீங்க ஃபர்ஸ்ட் இயர், அவங்க ப்ளஸ் டூ, வயசு 17-ன்னு வைங்க. ‘ரெண்டு பேருக்கும் இஷ்டம்தான்’னு சொன்னாலும், சட்டத்துக்கு முன்னால அந்தச் சம்மதம் செல்லாது. இதை நம்ம எத்தனை பேருக்குக் காலேஜ் சேர்ற அன்னிக்கு யாராவது சொல்லியிருக்காங்க?

டீச்சர் நம்பர் 3: கையில இருக்கிற ஸ்க்ரீன்

சண்டைக் காட்சியில ஹீரோ ஒரு குத்து விட்டா இருபது பேர் பறக்குறாங்க. நாம நம்புறோமா? இல்லை. கயிறு கட்டித் தூக்குறாங்கன்னு நமக்குத் தெரியும். ஆனா, செல்போன்ல ரகசியமா பார்க்குற ‘அந்த’ வீடியோவிலயும் கயிறு இருக்கு பாஸ்! அதுவும் நடிப்பு, எடிட்டிங், கேமரா ஆங்கிள்தான். தாம்பத்யம்னா இதுதான்னு நம்பி அதைப் பார்த்துப் பாடம் படிச்சா, நம்ம உடம்பு மேலயும் சந்தேகம் வரும், நாளைக்கு வரப்போற துணை மேலயும் சந்தேகம் வரும். அங்கே யாரும் ‘உனக்கு ஓகேவா?’ன்னு கேட்கிறதே இல்ல. நிஜ வாழ்க்கையில முதல்ல கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

‘முதலிரவுல ரத்தம் வரணும்’ங்கிறதும் இப்படி வந்த ஒரு மூடநம்பிக்கைதான். கன்னித்திரையோட அமைப்பு பொண்ணுக்குப் பொண்ணு மாறும். ரத்தம் வராததை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குச் செஞ்சுட்டு வந்த ‘இருவிரல் சோதனை’க்கு எந்த அறிவியல் அடிப்படையும் இல்லைன்னு, 2022-ல உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்பா தடை செஞ்சது.

செல்போன்ல இன்னொரு கண்ணிவெடியும் இருக்கு. குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாச வீடியோவை டவுன்லோடு பண்ணிப் பார்த்த ஒரு வழக்கை, ‘தனியா பார்த்தா குற்றமில்லை’ன்னு சொல்லி 2024 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செஞ்சது. அதே வருஷம் செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செஞ்சு, வெச்சிருக்கிறதும் பார்க்கிறதும்கூடக் குற்றம்தான்னு சொல்லிடுச்சு. கவனிக்க வேண்டிய விஷயம் என்னன்னா, அதே தீர்ப்புல முறையான பாலியல் கல்வி தேவைன்னும் நீதிபதிகள் வலியுறுத்தியிருக்காங்க.

பேசினா கெட்டுப் போயிடுவோமா?

‘இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தா பசங்க கெட்டுப் போயிடுவாங்க’ங்கிறதுதான் காலங்காலமா சொல்ற காரணம். 2005-ல மத்திய அரசு பள்ளிகளுக்காக ஒரு வளரிளம் பருவக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. 2007-க்குள்ள மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம்னு பல மாநிலங்கள் ‘வேண்டாம்’னுட்டாங்க. நம்ம ஊர்ல, 2005-ல நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைப் பேட்டியில பாதுகாப்பான உறவு பத்திப் பேசினதுக்கு 20-க்கும் மேற்பட்ட வழக்குகள்! அத்தனையையும் 2010-ல உச்ச நீதிமன்றம் ரத்து செஞ்சது.

ஆனா, ஆராய்ச்சிகள் வேற மாதிரி சொல்லுது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி யுனெஸ்கோ 2018-ல வெளியிட்ட வழிகாட்டி, பாலியல் கல்வியால பசங்க சீக்கிரமா உறவுல இறங்குறதில்லைன்னு தெளிவா சொல்லுது. ‘இதுல ஆபத்து இருக்கு’ன்னு புரிஞ்சவங்க நிதானிக்கத்தான் செய்யறாங்க.

பேசாம இருந்தா என்ன ஆகும்னும் தெரிஞ்சுக்குங்க. மத்திய அரசு 2007-ல வெளியிட்ட ஆய்வுல, 13 மாநிலங்கள்ல கேட்ட குழந்தைகள்ல 53 சதவிகிதத்துக்கும் மேல ஏதோ ஒரு வகை பாலியல் சீண்டலைச் சந்திச்சதா சொல்லியிருக்காங்க. அதுல பாதிக்கு மேல பையன்கள்! சீண்டினவங்கள்ல பாதிப் பேர் அந்தக் குழந்தைக்குத் தெரிஞ்ச, நம்பின ஆளுங்க. நடந்ததைச் சொல்றதுக்கு அந்தக் குழந்தைக்கு வார்த்தையே கத்துக் கொடுக்கலைன்னா, அது எப்படிங்க வீட்டுல வந்து சொல்லும்?

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்ல. 1986-ல இந்தியாவுலயே முதன்முதலா ஹெச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டது சென்னையிலதான். கண்டுபிடிச்சவங்க டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும். அப்புறம் 2000-களின் தொடக்கத்துல தெருத்தெருவா, பஸ் பஸ்ஸா ‘புள்ளிராஜா’ விளம்பரம் வந்தப்போ, டீக்கடையிலகூட எய்ட்ஸ் பத்திப் பேசினாங்க. கலாசாரம் ஒண்ணும் இடிஞ்சு விழுந்துடலை!

இப்போ நாம என்ன பண்ணலாம்?

சந்தேகம் வந்தா ஃப்ரெண்டைக் கேட்காதீங்க... அவனும் அதே வீடியோவைப் பார்த்தவன்தான்! அரசு மருத்துவமனைகள்ல இருக்கிற ‘நம்பிக்கை மைய’த்துல ஹெச்.ஐ.வி. டெஸ்ட்டும் ஆலோசனையும் இலவசம், ரகசியம் காப்பாங்க. மனசு பாரமா இருந்தா 14416-க்குப் பேசலாம். 18 வயசுக்குக் கீழ இருக்கிற யாருக்காவது ஆபத்துன்னா 1098. உங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துல ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரு நிஜ டாக்டரைக் கூப்பிடுங்க. கேள்விகளைப் பேர் போடாம சீட்டுல எழுதிப் போடச் சொல்லுங்க. எவ்வளவு சீட்டு வருதுன்னு அப்புறம் எண்ணிப் பாருங்க!

கடைசியா ஒண்ணு. வீட்டுல ப்ளஸ் டூ படிக்கிற தம்பியோ தங்கச்சியோ இருக்காங்களா? இந்த வாரம் ஊருக்குப் போறப்போ, அந்தப் பாடத்தை மிஸ் நடத்தினாங்களான்னு கேளுங்க. இல்லைன்னு தலையைக் குனிஞ்சா, கிண்டல் பண்ணாம பக்கத்துல உட்காருங்க.

புக்கை நீங்க திறங்க.