46 நாட்களில் எழுந்த பாலம்

நம் ஹட் பேயில் தண்டவாளம் கிடையாது. ஆயினும், வேலையில் மனநிறைவு எப்படி வரும் என்று பிள்ளைகள் கேட்டால், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரனான நான் பாம்பன் பாலத்தைத்தான் சொல்வேன்.

1914-ல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்களை 1964 டிசம்பர் புயல் கடலில் தள்ளியது. சீரமைக்க முதலில் 6 மாதக் கெடு. பிறகு அது 3 மாதமாயிற்று. பொறுப்பேற்ற பொறியாளர் இ. ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. புதிய கர்டர்களுக்காகக் காத்திராமல், கடலடியில் கிடந்தவற்றைத் தேடித் தூக்கித் தூண்களில் மறுபடி ஏற்றினார்கள். 46 நாட்களில் வேலை முடிந்தது.

ரயில்வே அமைச்சரின் பரிசும் கிடைத்தது. ஆனால் அப்பாலம் 2022 வரை ரயிலைச் சுமந்ததே பெரிய பரிசு. 2004 சுனாமிக்குப் பின் இங்கே மீண்டும் வீடு கட்டியவர்களுக்கு இந்த நிறைவு புரியும்.