தோல்வியில் கற்ற பாடம்

2010ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள். ஜகார்த்தாவில் சுசுகி கிண்ணக் காற்பந்துப் போட்டியின் இரண்டாவது இறுதியாட்டம் நடைபெற்றது. பினாங்கு முதல் சபா வரை மலேசியர்கள் தொலைக்காட்சியின் முன் ஆவலோடு அமர்ந்திருந்தனர். அந்த ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-2 எனும் கோல் கணக்கில் மலேசியா தோற்றது. ஆயினும், கிண்ணத்தை உயர்த்தியது மலேசியக் குழுதான். மூன்று நாள்களுக்கு முன் புக்கிட் ஜாலில் அரங்கில் நடந்த முதல் ஆட்டத்தில் அது 3-0 என வென்றிருந்தது. இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டினால் 4-2. அப்போட்டியில் மலேசியா வாகை சூடியது அதுவே முதன்முறை. அக்குழுவை வழிநடத்தியவர் பயிற்றுநர் கே. ராஜகோபால்.

1956ஆம் ஆண்டு பிறந்த ராஜகோபால், சிலாங்கூர் மாநிலக் குழுவில் தாக்குதல் ஆட்டக்காரராகத் திகழ்ந்தார். தேசியக் குழுவுக்காகவும் விளையாடினார். திடலை விட்டு விலகிய பின் பயிற்றுநர் பணியை ஏற்றார். ஆட்டக்காரராக இருப்பதும் பயிற்றுநராக இருப்பதும் ஒன்றல்ல. ஆட்டக்காரர் தம் காலுக்கு வரும் பந்தில் கவனம் செலுத்துவார். பயிற்றுநரோ பதினொருவரின் ஆற்றலையும் எடைபோட வேண்டும். யாரை இறக்குவது, யாரை மாற்றுவது என்று முடிவெடுக்க வேண்டும். குழு தோற்றால் முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

இளையோர் குழுக்களுக்குப் பயிற்சியளித்த ராஜகோபால், 2009ஆம் ஆண்டு தேசியக் குழுவின் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு இறுதியில் லாவோசில் சீ விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அதில் 23 வயதுக்குட்பட்ட மலேசியக் குழு முதற்சுற்றில் வியட்நாமிடம் 1-3 எனத் தோற்றது. எனினும், குழு மனம் தளரவில்லை. பலம் வாய்ந்த தாய்லாந்தை 2-1 என வீழ்த்தி அடுத்த சுற்றுக்கு முன்னேறியது. இறுதியாட்டத்தில் மீண்டும் வியட்நாமே எதிரணி. இம்முறை மலேசியா 1-0 என வென்றது. 1989ஆம் ஆண்டுக்குப் பின் காற்பந்தில் தங்கப் பதக்கம் கிடைக்க இருபது ஆண்டுகள் ஆயின.

அந்த இளம் ஆட்டக்காரர்களில் பலரை ராஜகோபால் தேசியக் குழுவில் சேர்த்துக்கொண்டார். அவர்களோடுதான் 2010ஆம் ஆண்டு சுசுகி கிண்ணப் போட்டிக்குச் சென்றார். முதல் ஆட்டத்திலேயே பேரிடி விழுந்தது. இந்தோனேசியா 5-1 எனும் கோல் கணக்கில் மலேசியாவை வீழ்த்தியது. இத்தகைய தோல்விக்குப் பின் ஒரு குழு எளிதில் நிலைகுலைந்துவிடும். ராஜகோபால் தம் இளைஞர்களைக் கைவிடவில்லை. அதே வேளையில், தேவையான மாற்றத்தைச் செய்யவும் தயங்கவில்லை. 21 வயதே நிரம்பிய கைருல் ஃபாமியிடம் கோல் காவலர் பொறுப்பை ஒப்படைத்தார்.

அதன் பின் மலேசியா தாய்லாந்துடன் சமநிலை கண்டது. லாவோசை 5-1 என வென்றது. அரையிறுதியில் வியட்நாமை வெளியேற்றியது. இறுதிச் சுற்றில், தன்னைப் படுதோல்வியடையச் செய்த இந்தோனேசியாவை மீண்டும் சந்தித்தது. புக்கிட் ஜாலிலில் சாஃபி சாலி இரண்டு கோல்களைப் போட்டார். ஜகார்த்தாவில் எதிரணியின் பினால்டி உதையைக் கைருல் ஃபாமி தடுத்து நிறுத்தினார். பயிற்றுநரின் நம்பிக்கை வீண்போகவில்லை. இவ்வெற்றியைக் கொண்டாட டிசம்பர் 31ஆம் நாள் பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது.

பயிற்றுநரின் வாழ்வில் வெற்றி நிலையானதன்று. 2012ஆம் ஆண்டு அதே போட்டியின் அரையிறுதியில் மலேசியா தாய்லாந்திடம் தோற்றது. 2013ஆம் ஆண்டோடு தேசியக் குழுவில் ராஜகோபாலின் பணி நிறைவுற்றது. ஆயினும், அடுத்தடுத்த ஈராண்டுகளில் அவருடைய குழுக்கள் முதலில் தங்களைத் தோற்கடித்தவர்களையே இறுதியில் வென்று காட்டின. தோல்வி என்பது முடிவன்று. தன் குறையை அறிந்து திருத்திக்கொள்ளக் கிடைக்கும் வாய்ப்பு என்பதை அவ்விரு வெற்றிகளும் உணர்த்துகின்றன.