வயல் மூலையும் முடிச்சுக் கயிறும்

இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விளைவிக்கும் கமக்காரர் ஒருவரை அணுகி, அவருடைய வயல் எவ்வளவு என்று கேட்டால், "நாலு சங்கிலி நீளம், இரண்டரைச் சங்கிலி அகலம், சரியாக ஒரு ஏக்கர்" எனத் தயங்காது விடை கூறுவார். நாலை இரண்டரையாற் பெருக்கினால் பத்துச் சதுரச் சங்கிலி வரும். அஃது ஓர் ஏக்கரேயாம். கணக்கிற் பிழையில்லை. ஆயினும் அவ்வயலின் நான்கு மூலைகளும் செங்கோணமாக இருந்தாலன்றி அந்த ஏக்கர் அங்கே இராது.

வரம்புகளின் நீளம் சிறிதும் மாறாதிருக்க, வயல் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடக் கூடும். கட்டில் ஒன்றின் மூலைகள் தளர்ந்து கோணிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சட்டங்கள் குறையவில்லை, படுக்கும் இடமோ குறைந்துவிடுகிறது. மேலே கூறிய வயலின் நீளம் 264 அடி, அகலம் 165 அடி. அதன் எதிர் மூலைகளுக்கிடையே குறுக்காக அளந்தால் இரு பக்கமும் ஏறக்குறைய 311 அடி 4 அங்குலம் வருதல் வேண்டும். ஒரு குறுக்கு 231 அடியும் மற்றையது 375 அடியும் வருமாயின், அவ்வயல் ஓர் ஏக்கரன்று. ஏக்கருக்கு 21 பேர்ச் குறைவு. நம் வழக்கிற் சொன்னால் இரண்டு பரப்புக்கு மேல் இல்லை.

இதனால் வரும் நட்டம் யாது? ஏக்கருக்கு இரண்டு புசல் என்று விதைப்பவர் ஏறக்குறையக் கால் புசல் விதைநெல்லை வீணே எறிகிறார். பசளையும் களைநாசினியும் நூற்றுக்குப் பதினைந்து பங்கு மிகையாகச் சேருகின்றன. பசளை மிகுந்தால் பயிர் மதாளித்துச் சாய்கிறது. அறுவடையின் பின், "அயலவனுக்கு ஏக்கருக்கு இத்தனை மூடை, எனக்கு ஏன் இல்லை?" என்று விதையின்மேலும் குளத்து நீரின்மேலும் குறை கூறுவாரும் உளர். குறை விதையிலன்று, மூலையிலேயே இருக்கின்றது.

மூலையைச் சோதிக்கச் சங்கிலியோ கருவியோ வேண்டியதில்லை. கயிறு ஒன்று போதும். 60 அடி நீளமான கயிற்றின் இரு நுனிகளையும் சேர்த்துக் கட்டி வளையமாக்குங்கள். (முடிச்சுக்குச் செல்லும் கயிற்றை வேறாக விடுதல் வேண்டும், பலர் இதை மறந்துவிடுகின்றனர்.) கட்டிய இடத்திலிருந்து 15 அடியில் ஓர் அடையாளமும், அதிலிருந்து 20 அடியில் மற்றோர் அடையாளமும் இடுங்கள். எஞ்சுவது 25 அடி. 15 அடிப் பக்கமும் 20 அடிப் பக்கமும் சந்திக்கும் அடையாளத்தை வயல் மூலையில் முளையடித்து நிறுத்தி, மற்றை இரண்டையும் இருவர் பிடித்து இறுக இழுத்தால், மூலையில் உண்டாவது செங்கோணம். வரம்பு கயிற்றோடு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பதே மிகுதி வேலை.

இதன் காரணத்தைப் பாடசாலைக்குச் செல்லும் உங்கள் பிள்ளைகள் அறிவர். செங்கோண முக்கோணியில் இரு சிறு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் நெடும் பக்கமாகிய செம்பக்கத்தின் வர்க்கம் வரும். 15இன் வர்க்கம் 225, 20இன் வர்க்கம் 400, கூட்ட 625. அது 25இன் வர்க்கம். கிரேக்க அறிஞராகிய பைதகரசின் பெயரால் இது வழங்கினும், அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்திய பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும் இத்தகைய எண்கள் காணப்படுகின்றன. வேள்வி மேடைகளுக்கு அளவு கூறும் பழைய வடமொழி நூல்களுக்குச் சுல்ப சூத்திரங்கள் என்று பெயர். சுல்பம் என்பதற்குக் கயிறு என்பதே பொருள்.

மூன்றடி, நாலடி, ஐந்தடி கொண்ட சிறு கயிறு போதாதா என்று கேட்பீர்கள். வீட்டு அத்திவாரத்துக்குப் போதும், வயலுக்குப் போதாது. நாலடியில் ஓர் அங்குலம் பிழைத்தால் 264 அடி சென்று சேரும்போது அப்பிழை ஐந்தரை அடியாக வளர்ந்துவிடும். இருபது அடியில் அதே ஓர் அங்குலம் பிழைத்தால் கடைசியில் ஓர் அடிக்குச் சற்று மேல்தான். கயிறும் நம்பத்தக்கதாயிருத்தல் வேண்டும். நான் விவசாயப் பாடசாலையிற் பயின்ற காலத்தில், இரவு மழையில் நனைந்த தும்புக் கயிற்றைக் கொண்டு மிளகாய்ப் பாத்திகளுக்கு மூலை பிடித்தோம். ஈரம் ஓரிடத்தில் மிகுதியாயும் ஓரிடத்திற் குறைவாயும் இருந்தமையால் அடையாளங்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. கடைசிப் பாத்தி வாய்க்காலுக்குள் இறங்கியபோதே அறிந்தோம். நைலோன் கயிறு இழுக்க இழுக்க நீளும், அதுவும் ஆகாது. காய்ந்த பழங்கயிறே நன்று.

கோணலான வயலின் உண்மை அகலத்தை அறிவதும் எளிது. நீள வரம்பின் வழியே கயிற்று முக்கோணியை நகர்த்திச் செல்லுங்கள். செங்கோணத்தின் நேரே எதிர் மூலை எந்த இடத்தில் தென்படுகிறதோ அங்கே ஒரு முளை அடியுங்கள். மேலே கூறிய கோணல் வயலில் அந்த முளை, குறுகிய வரம்பு தொடங்கும் மூலையிலிருந்து 82½ அடியில் விழும். இப்போது செம்பக்கம் 165 அடி, ஒரு பக்கம் 82½ அடி. பெரியதன் வர்க்கத்திலிருந்து சிறியதன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் கண்டால் 143 அடிக்குச் சற்றே குறைவு. அதுவே உண்மை அகலம். வர்க்கமூலம் காணக் கைத்தொலைபேசியிலுள்ள கணிப்பானே போதும்.

மனக்கணக்காக ஒரு முறையும் தமிழரிடையே உண்டு. போதையனார் என்பவர் பெயரால் அதைக் கூறுவர். நீண்ட பக்கத்தை எட்டாகப் பகுத்து ஒரு கூற்றைத் தள்ளி, மிகுதியோடு குறும் பக்கத்தின் பாதியைக் கூட்டுவதே அம்முறை. கொட்டில் ஒன்றின் அகலம் 16 அடி, முகடு சுவருக்கு மேல் 6 அடி என்றால், பாதி அகலம் 8. அதில் ஒரு கூறு தள்ள 7. ஆறின் பாதி 3. ஆகவே கைமரம் 10 அடி. இது முற்றும் சரி. கிடுகு வெளியே இறங்குவதற்கு இன்னும் இரண்டடி சேர்த்து மரம் வாங்குங்கள். ஐந்தடி உயரமும் பத்தடி அடிப்பக்கமும் கொண்ட அணைச் சாய்வுக்குப் புற்கரண் பதிக்க, இம்முறை 11 அடி 3 அங்குலம் தரும். உண்மை 11 அடி 2 அங்குலம். சாய்வை அடிப்பக்கம் போலப் பத்தடி என்றே எண்ணிக் கரண் வெட்டுபவருக்கு நூறடி நீள அணையில் நூற்றுப்பதினெட்டுச் சதுர அடி குறைந்து போகும்.

ஆயினும் இம்முறையை எங்கும் நம்பலாகாது. குறும் பக்கம் நெடும் பக்கத்தின் காற்பங்கிலும் குறைந்தால், சாய்வு நெடும் பக்கத்தை விடச் சிறிதாக வரும். அப்படி ஒரு முக்கோணி உலகில் இல்லை. 66 அடிக்கு 6 அடி என்று வைத்துப் பாருங்கள், 60¾ வரும். நம் ஏக்கர் வயலுக்கும் 313½ அடி என்று இரண்டடிக்கு மேல் மிகை காட்டும். மரம் வாங்க உதவும். எல்லை பார்க்க உதவாது.

எல்லையைப் பற்றி ஒரு சொல். 2009இன் பின் மீளக்குடியேறியபோது வரம்பு அழிந்தும் எல்லைக்கல் பற்றைக்குள் மறைந்தும் கிடந்த காணிகளைப் பலர் கண்ணளவாகவே திருத்தினர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரம் பெற்ற காணியாயினும், உறுதிக் காணியாயினும், எல்லையைத் தீர்மானிப்பது நில அளவையாளரின் படமேயன்றி உங்கள் கயிறன்று. கயிற்றைக் கொண்டு அயலவரின் வரம்பை வெட்டப் புகாதீர்கள். இரு குறுக்குகளையும் அயலவரையும் உடன் வைத்து அளந்து, நான்கு வரம்பின் நீளத்தோடு ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். காலபோக மழைக்கு முன், தாள் வாடி நிலம் காய்ந்திருக்கும் நாட்களே இதற்கு ஏற்றவை. அத்தாளைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுவந்தால், உங்கள் வயலின் உண்மைப் பரப்பையும் அதற்குரிய விதை, பசளை அளவையும் போதனாசிரியர் கணக்கிட்டுத் தருவார்.