ஒளிப்படத்தைப் படித்தல் – 9: அழிக்கப்பட்ட கட்டைவிரல்

‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகம் அறிந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் இல்லை, தரை இல்லை, வீடு வாசல் எதுவும் இல்லை. கூடாரத் துணிக்கு முன்னால் ஒரு பெண், தோளுக்கு ஒன்றாகச் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. அரசுப் பணிக்காக டோரோதியா லாங் 1936 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் எடுத்தது. உறைபனியில் பயிர் கருகியதால் அங்கே வேலை இல்லை.

பார்க்கிறவரின் கண் போய் நிற்பது அவளுடைய நெற்றிச் சுருக்கத்தில். வேறெங்கும் போக வழியும் இல்லை. பிள்ளைகளின் முகங்கள் தெரிந்திருந்தால் பார்வை அவற்றுக்கிடையே அலைந்திருக்கும். பிடரி மட்டும் தெரிவதால் இரு தலைகளும் தாயின் முகத்துக்குச் சட்டமாகிவிடுகின்றன. மோவாயைத் தொடும் கை பார்வையை மடியிலிருந்து மேலேற்றி மறுபடி முகத்திலேயே கொண்டு சேர்க்கிறது. அவள் கேமராவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் படம் யாசகமாகியிருக்கும். பார்வை வெளியே எங்கோ நிலைத்திருப்பதால்தான் அது கவலையாகிறது. மேலைநாட்டார் பலர் இதில் குழந்தை இயேசுவுடன் இருக்கும் மரியாளைக் கண்டதற்கும் இந்த அமைப்பே காரணம்.

அன்று எடுத்த மற்றப் பிரேம்களும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. தள்ளி நின்று எடுத்தவற்றில் கூடாரம், பெட்டி, நாற்காலியில் அமர்ந்த பதின்வயதுப் பெண் எல்லாம் உண்டு. வறுமை அவற்றிலும் குறைவில்லை. ஆனால் அது முகாமின் வறுமை. லாங் நெருங்க நெருங்கத் தட்டுமுட்டுச் சாமான்கள் விலகின, மூத்த மகளும் விலகினாள். அரசுக் குறிப்பு ஏழு பிள்ளைகளின் தாய் என்கிறது. படத்தில் தெரிவதோ மூவர்.

விலகாமல் நின்றது, வலது கீழ் மூலையில் கூடாரக் கம்பைப் பற்றியிருந்த ஒரு கட்டைவிரல். சில ஆண்டுகள் கழித்து லாங் அதை நெகட்டிவிலேயே அழிக்கச் செய்தார். ஸ்டுடியோ வழக்கில் டச்சிங். அரசு ஆவணத்தில் கைவைக்கலாமா என்று மேலதிகாரி ராய் ஸ்ட்ரைக்கர் முகம் சுளித்தார், ஆட்சேபம் நியாயமானதுதான். கண்ணை மூலைக்கு இழுக்கும் விரல் என்ற அளவில் லாங்கின் கணக்கும் பிழையில்லை. உற்றுப் பார்த்தால் விரலின் சாயல் இன்னும் தெரிகிறது.

பொருளை உறுதிசெய்தது படத்தோடு வந்த சொற்கள். லாங் அவள் பெயரைக் கேட்கவில்லை. உணவுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று 1960இல் எழுதினார். செய்தித்தாளில் படம் வந்ததும் 20,000 பவுண்டு உணவு முகாமுக்குப் போனது. குடும்பம் அதற்குள் வேறிடம் போய்விட்டிருந்தது. 1978இல் அந்தப் பெண், ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன், அடையாளம் தெரிந்தார். படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்றார்; டயர் கதையைக் குடும்பத்தார் மறுத்தார்கள். தூசிப் புயலில் நிலமிழந்து ஓடிவந்த வெள்ளைக்கார விவசாயியின் மனைவி என்றே பலரும் நாற்பதாண்டுகள் அவரைப் படித்திருந்தார்கள். அவரோ ஓக்லஹோமாவில் பிறந்த செரோக்கி பழங்குடிப் பெண். புயல்கள் தொடங்கும் முன்பே கலிஃபோர்னியாவுக்கு வந்துவிட்டவர்.