உடலுக்கு ஏன் இத்தனை அடுக்குகள்?

இயற்பியல் வகுப்பில் ஒரு நாள் 'விரவல்' என்னும் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். பாடம் முடிந்ததும் ஒரு மாணவர் எழுந்தார். அவருடைய தந்தை கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் உலை ஒன்றில் வேலை செய்பவர். "சார், அப்பா உலைக்குப் பூச்சு போடும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை பார்க்கிறார். தூசிக்கு அது போதாதா?" என்று கேட்டார்.

போதாது என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் ஏன் போதாது என்பது புரிய வேண்டுமானால், நம் உடல் எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். செல், திசு, உறுப்பு, மண்டலம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். இந்தப் படிகள் எதற்காக என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

எத்தனை அடுப்புகள்!

எங்கள் பகுதியிலுள்ள வள்ளூர் அனல் மின் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். தலா 500 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் அங்கே உள்ளன. மொத்தம் 1500 மெகாவாட். துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி ஓடும் பட்டையில் ஏறி வருகிறது. கொதிகலனில் எரிகிறது. நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. எஞ்சிய சாம்பலை அகற்றத் தனி ஏற்பாடு இருக்கிறது.

நம் உடலும் எரிபொருளைக் கொண்டு இயங்குவதுதான். ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி உணவு உண்பவர் சராசரியாக ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். அதாவது ஒன்றரைக் கோடிப் பேர் சேர்ந்தால் 1500 மெகாவாட் ஆகிவிடும்!

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மின் நிலையத்தில் ஓர் அலகுக்கு ஒரு கொதிகலன் போதும். உடலிலோ அப்படி ஒரு மைய அடுப்பு கிடையாது. நம் உடலில் சுமார் 37 லட்சம் கோடி செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இவற்றில் சிவப்பணுக்கள் நீங்கலாக, ஏறத்தாழ எல்லாச் செல்களும் தத்தம் அடுப்பைத் தாமே எரித்துக்கொள்கின்றன. மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளே அந்த அடுப்புகள். ஒவ்வோர் அடுப்புக்கும் எரிபொருள் போய்ச் சேர வேண்டும். ஆக்சிஜன் போய்ச் சேர வேண்டும். கரியமில வாயு வெளியேற வேண்டும். உடலின் அமைப்பு முழுவதும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது எனலாம்.

தூரம் என்னும் தடை

அசையாத நீரில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் தாமாகவே பரவும். இதுவே விரவல். இதற்கு ஓர் எளிய விதி உண்டு. கடக்க வேண்டிய தூரம் இரு மடங்கானால், ஆகும் நேரம் இரு மடங்கன்று, நான்கு மடங்கு. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு.

கணக்கைப் பாருங்கள். ஒரு செல்லின் அளவான 10 மைக்ரானைக் கடக்க (ஒரு மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆக்சிஜனுக்கு ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம் போதும். 1 மில்லி மீட்டருக்கு 4 நிமிடங்கள் ஆகும். 1 சென்டி மீட்டருக்கு 7 மணி நேரம். 1 மீட்டருக்கோ ஏறக்குறைய 8 ஆண்டுகள்!

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கடற்பாசியைக் காய்ச்சி ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி உறைய விடுங்கள். அதன்மேல் சிறிது உணவு வண்ணக் கரைசலை ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வண்ணம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதைப் போல் இரு மடங்கு ஆழத்துக்கு இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். சுமார் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அமீபாவுக்கு இந்தத் தடையால் தொல்லை இல்லை. அதன் உடலின் எந்தப் பகுதியும் சுற்றியுள்ள நீரிலிருந்து வெகு தொலைவில் இல்லை. நம் கால் கட்டைவிரல் மூக்கிலிருந்து ஒன்றரை மீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. விரவலை மட்டும் நம்பியிருந்தால் அந்த விரல் உயிரோடிராது.

நான்கு படிகள்

இந்தத் தடையை உடல் படிப்படியாக வெல்கிறது. அதற்கு நுரையீரலே நல்ல எடுத்துக்காட்டு.

முதற்படி செல். மனித உடலில் சுமார் 200 வகைச் செல்கள் உள்ளன. எல்லாம் ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்தவையே; ஆயினும் ஒவ்வொன்றும் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் படி திசு. ஒத்த தொழில் செய்யும் செல்கள் அணி சேர்ந்தால் அது திசு. திசுக்கள் நான்கு வகைப்படும். நுரையீரலில் நான்கையும் காணலாம். மூச்சுக் குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருப்பது எபிதீலியத் திசு. குழாயைச் சுருக்கி விரிப்பது தசைத் திசு. எல்லாவற்றையும் பிணைத்துத் தாங்குவது இணைப்புத் திசு. கட்டளை கொண்டுவருவது நரம்புத் திசு.

மூன்றாம் படி உறுப்பு. நான்கு திசுக்களும் கூடி ஒரு வேலைக்காக அமைந்தது நுரையீரல் என்னும் உறுப்பு. அதனுள் சுமார் 30 கோடிக் காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி வீட்டின் தரைப் பரப்பு கிடைக்கும். காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையேயுள்ள சுவரின் தடிமனோ சுமார் அரை மைக்ரான்தான். பரப்பு மிக அதிகம், தடிமன் மிகக் குறைவு. விரவல் விரைவாக நடைபெற வேறென்ன வேண்டும்?

நான்காம் படி மண்டலம். நுரையீரலும் மூக்கும் மூச்சுக் குழாயும் சேர்ந்து சுவாச மண்டலம். அது ஆக்சிஜனை இரத்தத்திடம் ஒப்படைக்கிறது. அங்கிருந்து இரத்த ஓட்ட மண்டலம் பொறுப்பேற்கிறது. ஓய்வில் இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. உடலிலுள்ள மொத்த இரத்தத்தின் அளவும் ஏறத்தாழ அதுவே. ஆகவே 8 ஆண்டுப் பயணம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது! இரத்தத் தந்துகிகள் அனேகமாக ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்திலேயே ஓடுகின்றன. கடைசிச் சில மைக்ரான்களை மட்டுமே விரவல் கடக்க வேண்டும். செரிமான மண்டலம் எரிபொருளைத் தருகிறது. கழிவு மண்டலம் கழிவுகளை வெளியேற்றுகிறது. நரம்பு மண்டலமும் நாளமில்லாச் சுரப்பிகளும் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகின்றன.

குருத்தெலும்பு இதற்கு ஒரு விதிவிலக்கு. அதனுள் இரத்தக் குழாய்கள் இல்லை, விரவலையே நம்பியிருக்கிறது. மூட்டுக் குருத்தெலும்பு அடிபட்டால் எளிதில் ஆறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சென்னையில் அவிழ்ந்த முப்புரி

திசுக்களைப் பிணைத்து நிற்பது எது? கொலாஜன் என்னும் புரதம். நம் உடலிலுள்ள புரதங்களில் கால் பங்குக்கு மேல் இதுவே. தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் வலிமை தருவது இதுதான்.

இதன் அமைப்பைக் கண்டறிந்தவர் ஓர் இயற்பியலாளர். அதுவும் சென்னையில் என்பது நமக்குப் பெருமை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக 1952-இல் பொறுப்பேற்ற ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்தார். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியே கொலாஜன் மாதிரிகள் கிடைத்தன. கொலாஜன் என்பது மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அமைப்பு என்று 1954-இல் அவர்கள் அறிவித்தார்கள். 1955-இல் அதை மேலும் செம்மைப்படுத்தினார்கள். மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிறு ஒற்றைப் புரியைவிட உறுதியானது என்பது கயிறு திரிப்பவர்களுக்குத் தெரிந்ததே. அதே உத்தியை இயற்கை மூலக்கூறு அளவிலேயே கையாண்டிருக்கிறது.

இந்தக் கயிறு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் உடலுக்கு வலிமை. இருக்கக் கூடாத இடத்தில் சேர்ந்தால்? இங்கேதான் மாணவரின் கேள்விக்குத் திரும்புகிறோம்.

தூசி ஏறும் படிகள்

மின் நிலையங்களில் புகையிலுள்ள சாம்பல் துகள்களுக்கு மின்னூட்டம் ஏற்றித் தகடுகளில் படியச் செய்கிறார்கள். நம் மூச்சுக் குழாயிலும் ஒரு தூசிப் பொறி உண்டு. 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவை மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்கின்றன. அதைத் தாண்டியவற்றைச் சளிப் படலம் பிடிக்க, குற்றிழைகள் என்னும் நுண்மயிர்கள் ஓயாது அசைந்து அவற்றை மேல்நோக்கித் தள்ளுகின்றன.

ஆனால் மூன்று நான்கு மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுண்ணறை வரை சென்றுவிடும். அங்கே சளியும் இல்லை, குற்றிழையும் இல்லை. இருந்தால் சுவர் தடித்துப்போகும் அல்லவா? அங்குள்ள காவலர்கள் பெருவிழுங்கிகள் என்னும் செல்கள் மட்டுமே. பாக்டீரியாவாக இருந்தால் விழுங்கிச் செரித்துவிடும். உலைப் பூச்சுக்குப் பயன்படும் பொடி பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது படிக வடிவச் சிலிக்கா. அதைச் செரிக்க முடியாது. விழுங்கிய செல் செத்துப்போகிறது. துகள் மறுபடி வெளிவருகிறது. அடுத்த செல் அதை விழுங்குகிறது. சாகும் செல்கள் விடுக்கும் வேதிக் குறிப்புகளைக் கண்டு, காயம் பட்டுவிட்டதாக எண்ணித் திசு கொலாஜனை நூற்கத் தொடங்குகிறது.

இப்போது படிகளைப் பாருங்கள். செல்லில் தொடங்கிய கேடு திசுவுக்கு ஏறிவிட்டது, அது தழும்பாகிறது. அரை மைக்ரான் சுவர் தடிக்கிறது. சுவர் இரு மடங்கு தடித்தால் அதன் வழியே செல்லும் ஆக்சிஜன் பாதியாகும் என்பது விரவல் விதி. அடுத்து உறுப்புக்கு ஏறுகிறது. விறைத்துப்போன நுரையீரல் நன்கு விரிவதில்லை. பின்பு அடுத்த மண்டலத்துக்கும் தாவுகிறது. விறைத்த நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலப்பக்கம் அளவுக்கு மீறி உழைக்க வேண்டியிருக்கிறது. நோய் செல்லில்தான் தொடங்குகிறது என்று ருடால்ஃப் விர்ச்சோ என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1858-இல் நூல் எழுதி நிலைநாட்டினார். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் அதற்குக் கண்கண்ட சான்று. இந்நோய் உள்ளவர்களைக் காசநோயும் எளிதில் பற்றும். விழுந்த தழும்பை மறைக்கும் மருந்து இதுவரை இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இதை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

நிலக்கரிச் சாம்பலிலும் சிலிக்கா உண்டு. அதில் பெரும்பகுதி கண்ணாடி வடிவில் இருப்பதால் குவார்ட்ஸ் அளவுக்குக் கொடியதன்று. ஆயினும் நுண்துகள் எதுவும் நுரையீரலுக்கு நண்பனன்று.

துண்டு போதுமா?

துண்டின் நூலிழைகளுக்கு இடையேயுள்ள கண்கள் பல பத்து மைக்ரான் அகலமுள்ளவை. 3 மைக்ரான் துகளுக்கு அது மீன்வலையில் கொசு நுழைவது போலத்தான். கண்ணுக்குத் தெரியும் தூசியைத் துண்டு தடுக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசியே நுண்ணறைக்குச் செல்வது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பொடியைக் கையாளும் இடத்திலேயே தூசியை உறிஞ்சும் விசிறி வேண்டும். இயலும் இடங்களில் ஈரப்படுத்திக் கையாள வேண்டும். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்தால் துடைக்க வேண்டும். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 வகை முகக்கவசம் 0.3 மைக்ரான் துகள்களிலேயே 95 விழுக்காட்டைத் தடுக்கும். புகை பிடிப்பது குற்றிழைகளை முடக்கும். அதைக் கைவிட வேண்டும். ஆண்டுதோறும் மார்பு எக்ஸ் கதிர்ப் படமும் மூச்சுத் திறன் சோதனையும் எடுத்துக்கொள்வது நல்லது.

இவற்றையெல்லாம் அந்த மாணவரிடம் கூறினேன். "அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்லுவது சார்?" என்றார். கடற்பாசிச் சோதனையைச் செய்து காட்டச் சொன்னேன். அரை மைக்ரான் சுவரில்தான் நம் 37 லட்சம் கோடிச் செல்களின் வாழ்வும் அடங்கியிருக்கிறது என்று விளக்கச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் தூசியில் உழைப்பவர் யாரேனும் இருந்தால், நீங்களும் அவருக்கு விளக்கலாமே!